கை தெரியணும்

எங்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் எலெக்ட்ரானிக் இசை மேடையேறும் காலம் ஆடி மாதமும் ஆயுத பூஜையும்தான். அந்தப் பெயரில் யாரும் சொல்வதில்லை. பெரியவர்கள் பாட்டுக் கச்சேரி என்பார்கள், நோட்டீஸில் இன்னிசைக் கச்சேரி என்று போடுவார்கள், பையன்கள் ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். மேடையில் இருப்பதைப் பாருங்கள்: இரண்டு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு பேஸ் கிட்டார், ஓரத்தில் டிராக் ஓட்ட ஒரு லேப்டாப். தபேலா, டோலக் வாசிப்பவரைத் தவிர மற்றவர்கள் கரண்ட் போனால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். சினிமாவில் முப்பது நாற்பது வயலின் சேர்ந்து வாசித்த இடத்தை ஒருவர் பத்து விரலால் எழுப்புகிறார். பெர்லின் கிளப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற சாலையோரம், அம்மன் கோயில் திடலில் போடும் மேடையையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எலெக்ட்ரானிக் இசையை நேரில் கேட்க ஜனம் ஏன் நிற்கிறது, ஏன் கலைகிறது என்ற கேள்விக்கு இங்கே நிறைய பதில் கிடக்கிறது.

*

பாட்டு ஒன்றுதான், கீபோர்டு மாடலும் ஒன்றுதான். ஒரு குழுவுக்குக் கூட்டம் அசையாமல் நிற்கும். இன்னொன்றுக்கு மூன்றாவது பாட்டிலேயே பஜ்ஜிக் கடைப் பக்கம் நகரும். பாடகரின் திறமை ஒரு காரணம், சரி. பாடகர் வாயை மூடும் இடங்களைக் கவனித்தால் இன்னொரு காரணம் தெரிகிறது. சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையை வாத்தியக்காரர்கள் பிஜிஎம் என்பார்கள். பாடகர் குரல் மட்டும் இல்லாத பதிவான மைனஸ் ஒன் டிராக்கில் முழுக்க ஓடும் கச்சேரியில் அந்த இடம் வந்தால் கூட்டம் செல்போனை எடுக்கும். பாடகரும் வேறு வழியில்லாமல் எல்லாரையும் கைதட்டச் சொல்வார். கையால் வாசிக்கும் குழுவில் அதே இடத்தில் தலைகள் கீபோர்டு பக்கம் திரும்பும். இளையராஜா பாட்டென்றால் பிஜிஎம்மின் ஒவ்வொரு சுரமும் இங்கே நிற்பவர்களுக்கு மனப்பாடம். புல்லாங்குழல் துண்டு முடிந்து வயலின் எழும் இடத்தில், கீபோர்டுக்காரர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் பட்டனைத் தட்டி டோனை மாற்ற வேண்டும். அரை நொடி தாமதித்தால் வயலின் பகுதி புல்லாங்குழல் குரலிலேயே வந்துவிடும். தாண்டுவாரா மாட்டாரா என்று முன்னால் குந்தியிருக்கும் சிறுவன்கூடப் பார்த்துக்கொண்டிருப்பான். தாண்டியதும் விசில்.

டிராக்கில் அதே பகுதி இன்னும் சுத்தமாக இருக்கும். விசில் வராது.

*

டிராக் மேடைக்கு வந்ததற்கு வாத்தியக்காரர்களின் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். எனக்கு ஒப்புதலில்லை. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா, சுரங்களைப் பதித்துத் தானாக ஓடவிடும் சீக்வென்ஸரைப் பயன்படுத்தினார். 1992-ல் ஏ.ஆர். ரஹ்மானின் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு சினிமாப் பாட்டே கணினியில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. ஒரே நேரத்தில் ஓடும் அத்தனை அடுக்குகளையும் எட்டுப் பேர் கொண்ட குழு எந்தக் கையால் வாசிக்கும்? ஜனம் கேட்பது புதுப் பாட்டு. அந்தப் பாட்டோ கையால் பிறக்கவில்லை. லேப்டாப் மேடையேறியது இந்த நெருக்கடியில். குறை சொல்வதானால் டிராக் ஓட்டுவதைச் சொல்ல மாட்டேன். டிராக் ஓடும்போது வாசிப்பதுபோல் கையை ஆட்டுவதைச் சொல்வேன்.

*

ரிதம் பேடுக்கு இங்கே தனி மரியாதை. ரோலண்ட் கம்பெனி 1985-ல் ஆக்டாபேடைக் கொண்டுவந்தபோது அதில் எட்டு ரப்பர் சதுரங்கள் மட்டுமே இருந்தன, உள்ளே ஒலியே கிடையாது. அடித்தால் மிடி வழியாக வேறொரு கருவிக்குச் செய்தி போகும், அது ஒலிக்கும். மிடி என்ற பொதுமொழியே 1983-ல்தான் வந்தது. அடி ஒரு இடம், ஒலி வேறொரு இடம். இரண்டையும் பார்ப்பவர் மனத்தில் ஒட்டவைப்பது வாசிப்பவரின் தோள். பேடை மெல்லத் தட்டினாலும் சத்தம் வரும், ஸ்பீக்கருக்கு அது போதும். கூட்டத்தை இழுக்கும் பேட்காரர்கள் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவார்கள். பகட்டு என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் கடைசி வரிசையில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தத் தூக்கல்தான் அடி விழுவதற்கு முன்னாலேயே அடியைச் சொல்லிவிடுகிறது. அவர் உடம்பும் தயாராகிறது.

சிவமணி சூட்கேஸ், தண்ணீர் கேன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடிப்பதும் இதே கணக்கு. ஐபிஎல் ஆட்டத்துக்குச் சேப்பாக்கத்தில் அவர் வாசித்தபோது, ஸ்டேடியத்தின் மறுகோடியில் இருந்தவருக்கும் எது அடிபடுகிறது என்று தெரிந்தது.

*

எங்கள் ஊர்க் குடைவரையில் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண். அர்ச்சகர் திருமண்காப்பை விலக்கித் தீபத்தைக் காட்டும்போது வரிசையில் நிற்கும் எல்லாரும் எக்கிப் பார்ப்பார்கள். கோயிலில் நமக்குப் பார்ப்பதுதான் முதல் காரியம். அதோடு சேர்த்து மின்மேளத்தை யோசிக்கிறேன். மோட்டார் ஓட, மணியும் முரசும் தாமாகவே அடித்துக்கொள்ளும் அந்தப் பெட்டி தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இருக்கிறது. தீபாராதனைக்கு சுவிட்சைப் போட்டால் போதும். சத்தத்துக்குக் குறைவில்லை, தாளம் பிசகாது, ஒரு நாளும் லீவு கேட்காது. அதைத் திரும்பிப் பார்த்த ஒரு பக்தரை நான் கண்டதில்லை. தவில்காரர் வரும் நாளில் பிள்ளைகள் சுவாமியை மறந்து அவர் விரல்களில் மாட்டிய கூடுகளையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

மெஷின் என்பதாலேயே ஜனம் ஒதுக்குகிறது என்றும் சொல்லிவிட முடியாது. 1979-ல் பெங்களூரில் ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவைச் செய்தார். இன்று கர்நாடக சங்கீத மேடையில் சுருதிப் பெட்டி இல்லாத கச்சேரி அபூர்வம். யாரும் முகம் சுளிப்பதில்லை. அது நம் கவனத்தைக் கேட்பதில்லை. பாடுபவருக்குத் தரையாகக் கிடக்கிறது. தரையாக இருக்கும்வரை மெஷினுக்குக் கை வேண்டாம். மின்மேளம் முன்னால் வந்து நின்று ஆர்ப்பரிக்கிறது, அங்கேதான் நாம் ஆளைத் தேடுகிறோம்.

*

இந்தக் கச்சேரிகளுக்கு வருகிற ஆலைத் தொழிலாளிகள் பகல் முழுக்க எலெக்ட்ரானிக் இசைக்குள்தான் நிற்கிறார்கள். கார் ஆலைகள் பலவற்றில் லைனில் கோளாறு என்று ஆண்டன் கயிற்றை இழுத்தால் ஒரு மெட்டு ஒலிக்கும். பாகங்களை ஆளில்லாமல் இழுத்துவரும் ஏஜிவி வண்டி, வழிவிடச் சொல்லி ஒரு ட்யூனைப் பாடிக்கொண்டே வரும். வெளியே வந்தால் ரிவர்ஸ் எடுக்கும் லாரியின் மெட்டு. அத்தனையும் இசைதான், ஒன்றுக்கும் யாரும் தலையாட்டுவதில்லை. சுற்றுக்குச் சுற்று மாறாமல் அதே ஒலி, கேட்பவர் யாரென்று அதற்குத் தெரியாது.

இந்த மக்களின் கண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். வெல்டிங் ரோபோவின் கை எங்கே நீளும், எந்த நொடியில் மடங்கும் என்று தூக்கத்திலும் சொல்வார்கள். எது புரோகிராம், எது மனிதன் செய்தது என்பது அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கீபோர்டுக்காரர் ஒரு சுரத்தைத் தவறவிட்டும் ஸ்பீக்கரில் அது சரியாக வந்தால், முன்வரிசையிலிருந்து "டிராக்குடா" என்று ஒரு குரல் எழும். பிறகு அந்தக் குழு என்ன செய்தாலும் எடுபடாது.

*

சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வரத் தொடங்கியது, ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. கார் விஷயத்தில் பொருத்தம் சரி. ஆனால் அந்த டெட்ராய்ட் காரோடு பாட்டையும் பெற்றது. லிங்கன்-மெர்குரி ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெரி கோர்டிதான் 1959-ல் மோடவுன் இசைக் கம்பெனியைத் தொடங்கினார். 1980-களில் பக்கத்து ஊரான பெல்வில்லில் ஒரே பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் ஜப்பானிய டிரம் மெஷின்களையும் சிந்தசைசர்களையும் கொண்டு டெக்னோ என்ற இசையைக் கட்டினார்கள். ஆலைகள் மூடிக்கொண்டிருந்த ஊரில் மெஷினின் லயத்தை எடுத்து ஆட வைத்தார்கள்.

அதே ஊர்க்காரர் ஜெஃப் மில்ஸ். டிஆர்-909 டிரம் மெஷினைப் பெரும்பாலானவர்கள் புரோகிராம் செய்துவிட்டு ஓடவிடுவார்கள். அவர் அதை மேடையில் விரலால் வாசிப்பார், கேட்டுக்கொண்டே மாற்றுவார். 2004-ல் 'எக்ஸிபிஷனிஸ்ட்' என்று ஒரு டிவிடி போட்டார். கேமராக்கள் அவர் கைகளைச் சுற்றியே நிற்கின்றன. இசைத்தட்டைத் தொடும் விரல், ஃபேடரைத் தள்ளும் விரல், பட்டனைத் தட்டும் விரல். பாட்டும் இல்லை, கதையும் இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. மெஷின் ஒரு வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்க, அந்த வட்டத்தை எப்போது உடைப்பது என்று ஒரு மனிதன் தீர்மானிக்கிற கணம் நமக்குத் தெரிகிறது.

இங்கே பகலில் பிரஸ் ஷாப்பில் நின்றுவிட்டு ராத்திரி பேட் வாசிக்கப் போகிற பையன்கள் உண்டு. ஆண்டன் மெட்டும் பம்பை அடியும் ஒரே காதில் விழுந்து வளர்ந்தவர்கள். அவர்கள் சினிமாப் பாட்டை விட்டுத் தங்கள் இசையைக் கட்டினால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது.

*

மறுப்பு ஒன்று. ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரத்து கிராஃப்ட்வெர்க் குழு, 1970-ல் தொடங்கியது. நான்கு பேர் வரிசையாக நான்கு மேஜைக்குப் பின்னால் அசையாமல் நிற்பார்கள். கை என்ன செய்கிறது என்று ஒன்றும் தெரியாது. ஒரு பாட்டில் நால்வரும் மேடையை விட்டே போய்விட, அவர்கள் உருவத்தில் செய்த ரோபோக்கள் மட்டும் கையை மடக்கி நீட்டும். உலகமெங்கும் ஜனம் கூடிப் பார்க்கிறது. அப்படியானால் நான் சொல்வது தவறா?

இல்லை என்று நினைக்கிறேன். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் மனித-மெஷின் என்று 1978-லேயே ஆல்பத்துக்குப் பெயர் வைத்துச் சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்தவருக்கும் மேடைக்கும் அதில் ஓர் ஒப்பந்தம். கை தெரியணும், தெரியாவிட்டால் இது மெஷின் என்று மேடையே ஒத்துக்கொள்ளணும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களைத்தான் கூட்டம் மன்னிப்பதில்லை.

*

சரண்ஜித் சிங் கதை. பம்பாயில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தவர், கல்யாணக் கச்சேரிகளிலும் வாசித்தவர். 1982-ல் மூன்று ரோலண்ட் கருவிகளை இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார்: டிஆர்-808 தாளம் போட, டிபி-303 அடிநாதம் ஓட, ஜூபிடர்-8-ல் அவர் ராகத்தைக் கையால் வாசித்தார். பைரவ், மால்கௌன்ஸ், பூபாலி எல்லாம் உண்டு. நம் கணக்கில் பின் இரண்டும் ஹிந்தோளம், மோகனம். தட்டு விற்கவில்லை. 1987-ல் சிகாகோவில் அதே டிபி-303 கருவியிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற இசை பிறந்து உலகை ஆட்டியது. 2010-ல் நெதர்லாந்தில் இவர் தட்டு மறுபடி வந்ததும் கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளுக்கு அழைக்கப்பட்டார். 2015-ல் காலமானார்.

அந்தத் தட்டை இன்று கேட்டாலும், தாளம் இரும்பாக நிற்கிறது, மேலே ராகம் தயங்கித் தயங்கிப் போகிறது. தயங்குவது கை. கல்யாண மண்டபங்களில் வாசித்துப் பழகிய ஒருவருக்குத்தான் அந்தப் பங்கீடு தோன்றியிருக்கும் என்பது என் ஊகம்: எதை மெஷினிடம் விடுவது, எதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு வந்து ஸ்டூடியோ அமைத்தார். அங்கே பிறந்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியிலேயே கிடந்தன. அதுவும் எலெக்ட்ரானிக் இசைதான். எதிரே ஆள் உட்காராத இசை.

*

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்தி போட்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். பெருக்கி இல்லாவிட்டால் அந்தக் கருவி கர்நாடக இசையின் நீண்ட கமகத்தைத் தாங்காது. பையனாக அவர் மேடையேறியபோது சபாக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் எப்படித் தீர்ந்தது? தந்தியின் மேல் விரல் வழுக்கிப் போவதையும், அதே வளைவில் ஒலி போவதையும் ஒருசேரப் பார்த்தார்கள்.

கீபோர்டில் அந்த வசதி இல்லை. கட்டைக்குக் கட்டை இடைவெளி. கர்நாடக சங்கீதம் வாசிக்கும் கீபோர்டு சத்யநாராயணன் இடது கையால் பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டி அந்த இடைவெளியை நிரப்புகிறார். வலது கையை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும். ராகம் இருப்பது அந்த இடது கட்டைவிரலில். டி.வி. கேமராக்காரர்கள் அதை ஒரு தடவைகூடக் கிட்டத்தில் காட்டாதபோது எனக்குக் கோபம் வருகிறது.

*

கையசைவு தெரிந்தால் மட்டும் போதுமா? 1920-ல் ரஷ்யாவில் லியோன் தெரமின் தன் பெயரில் ஒரு கருவியைச் செய்தார். தொடவே வேண்டாம், காற்றில் கையை நகர்த்தினால் பாடும். கை ஒரு கம்பியை நெருங்கினால் சுரம் ஏறும், இன்னொன்றை நெருங்கினால் சத்தம் குறையும். பார்த்த ஒரு நிமிடத்தில் விதி பிடிபட்டுவிடும். அதன் பிறகுதான் வாசிப்பவரின் அருமை தெரியும். 2016-ல் லாஸ் வேகஸில் இன்டெல் மேடையில் ஏ.ஆர். ரஹ்மானும் குழுவினரும் மணிக்கட்டில் உணரிகளைக் கட்டிக்கொண்டு கையசைவால் இசை எழுப்பிக் காட்டினார்கள். வியப்பாக இருந்தது. ஆனால் எந்த அசைவுக்கு எந்த ஒலி என்பது பார்ப்பவருக்குப் பிடிபடவில்லை. அசைவும் ஒலியும் தனித்தனியாக நின்றன. அதே ரஹ்மான் கன்டினியம் என்ற சிவப்புப் பலகையில் விரலை இழுத்து வாசிக்கும்போது ('டெல்லி-6' படத்தில் ஒரு பாட்டின் முடிவில் கேட்கலாம்) விதி உடனே விளங்கிவிடுகிறது: வலப்பக்கம் போனால் ஏறும், அழுத்தினால் பெருகும், நடுக்கினால் நடுங்கும். என் ஓட்டு அந்தப் பலகைக்கு.

*

மிக்ஸர்காரர். மேடையில் இல்லாத வாத்தியக்காரர் அவர். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எக்கோவைக் கொஞ்சம் நீட்டுவது, கூட்டம் எழும்போது பேஸை ஏற்றுவது, எல்லாம் அவர் விரல். பாரிசில் 1974-ல் இசையமைப்பாளர் ஃபிரான்சுவா பெய்ல் அக்கூஸ்மோனியம் என்று ஓர் ஏற்பாடு செய்தார். சுமார் 80 ஸ்பீக்கர்கள் மேடையெங்கும், வாத்தியக்காரர் எவருமில்லை, கூட்டத்தின் நடுவில் மிக்ஸரோடு ஒருவர் உட்கார்ந்து ஒலியை ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் நகர்த்துவார். அதுவே கச்சேரி. நம் சவுண்ட் சர்வீஸ்காரரைப் பந்தலின் ஓரத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். கூட்டத்துக்குக் கேட்பது அவருக்குக் கேட்பதில்லை. ஜனத்தின் நடுவே நாலு கம்பு நட்டு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தால் பாதிக் கச்சேரி தேறிவிடும்.

*

சீட்டு. துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புகிற வழக்கம். அறிவிப்பாளர் ஊர்ப் பெயரோடு வாசிப்பார். கீபோர்டுக்காரர் சுருதியைக் கேட்டுத் தலையசைப்பார், பேட்காரர் பேடின் ஒலித் தொகுப்பை மாற்றுவார், எல்லாம் நம் கண்ணெதிரே. லேப்டாப்பில் வரிசைப்படுத்திய நிகழ்ச்சியில் சீட்டுக்கு இடமில்லை. லைவ் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான்: கீழே நிற்பவர் ஏதாவது செய்தால் மேலே ஏதாவது மாறுமா? ஒன்ஸ்மோர் கேட்டால் கிடைக்குமா?

*

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் மாநில அரசு பன்னிரண்டு மணிவரை தளர்த்தலாம். விதி நியாயமானது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கச்சேரி தொடங்கவே ஏழரை ஆகிவிடும். பக்திப் பாட்டு, பொன்னாடை, வரவேற்புரை போக, சூடு பிடிக்கும்போது கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருக்கும். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஜி.எஸ்.டி. சாலைச் சந்திப்பில் ஆட்களை இறக்கும்போது பந்தலில் சீரியல் பல்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

*

வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். அதே பெயரில் கீபோர்டும் சென்னைக்குத் தெற்கே ஓர் ஆலையில் தயாராகிறது, இந்தியத் தாளங்களை உள்ளே வைத்து. முன்பு சிங்கப்பூரிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்கிய கருவி இப்போது நம் பக்கத்து லைனில் பெட்டிக்குள் போகிறது. விலையும் ஒரு நடுத்தர செல்போன் விலைக்கு இறங்கிவிட்டது. கருவிக்குப் பஞ்சமில்லை.

எனவே வருகிற ஆயுத பூஜைக்குக் கச்சேரி ஏற்பாடு செய்யும் நண்பர்களிடம் சில வேண்டுகோள். கீபோர்டை ஜனத்துக்கு நேராக வைத்தால் வாசிப்பவரின் முகம் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள், விரல் தெரியட்டும். எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுப்பதானால் ஒரு கேமராவைக் கீபோர்டுக்கும் பேடுக்கும் நேர் மேலே தொங்கவிடுங்கள். டிராக்கில் போகும் பாட்டை டிராக் என்று அறிவிப்பாளரே சொல்லிவிடட்டும். நாலு பாட்டாவது முழுக்கக் கையால் இருக்கட்டும். மிக்ஸரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பொன்னாடையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கம்பெனி வளாகத்துக்குள் நடக்கும் கச்சேரியைப் பகல் பன்னிரண்டுக்கே தொடங்கினால், இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு உள்ளே போகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது நின்று கேட்டுவிட்டுப் போவார்கள், சீட்டும் அனுப்புவார்கள்.